முன்படைக் குப்பையில் ஒரு குழல்

"அதைக் கீழே போடு, பவளம்."

"டெட்டனேட்டர்ங்கிறீங்க. கீழே போட்டா வெடிக்காதா சார்?"

பொது அலைவரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செவ்வாயில் இதுதான் தொல்லை. ஆளைத் தனியாக ஓரங்கட்டித் திட்ட வழியில்லை. ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தால்கூட ஷிப்டில் இருக்கிற அத்தனை காதுக்கும் போய்ச் சேரும்.

பாதுகாப்பு அதிகாரி கோட்டைச்சாமி வண்டியை விட்டு இறங்கினான். செம்புழுதி முழங்கால்வரை எழும்ப, அவளை நோக்கி நடந்தான். வந்த வேகத்தைப் பார்த்து மற்ற ஆட்கள் ஒதுங்கினார்கள். பவளம் ஒதுங்கவில்லை.

அவளுக்கு வேலை இரும்பு தேடுவது. கம்பெனி வெட்டுகிற பாறை கிரஷருக்குள் போகும் முன்னால், மண்ணில் பழைய உலோகம் ஏதும் கிடக்கிறதா என்று டிடெக்டரால் தடவிப் பார்க்க வேண்டும். நீளக் கழி, நுனியில் வட்டத் தட்டு. அப்பளக்கோல் என்பார்கள் ஆட்கள். ஒரு சின்ன போல்ட் தப்பினால் போதும், கிரஷரின் பல் உடையும். மாற்றுப் பல் பூமியிலிருந்து வர வேண்டும். பூமிக் கப்பலோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

இன்றைக்கு அவள் தடவியது முன்படைக் குப்பையை. ஒரு தலைமுறைக்கு முன்னால் இங்கே முதன்முதலில் வந்து இறங்கிய கூட்டத்துக்குப் பெயர் முன்படை. முகாமுக்குள் மூச்சுக்காற்றை அடைத்துவைத்த காற்றுச் சுவர் கிழிந்து எல்லாரும் ஒரே நாளில் மாண்டார்கள் என்பது கம்பெனி சொல்கிற வரலாறு. அவர்கள் வீசிய தகரமும் கேபிளும் குழாயும் இந்தச் சரிவில் புதைந்து கிடந்தன. கூடவே, பாறையைச் சோதிக்க அவர்கள் கொண்டுவந்த டெட்டனேட்டர்களும். கல்குவாரியில் வளர்ந்த ஆட்கள் அதைக் கேப்பு என்பார்கள். முன்பு ஒரு தரம் அப்படி ஒன்று வெடித்து, கிரஷர் மேஸ்திரி அல்போன்ஸுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

"காட்டு," என்றான் கோட்டைச்சாமி.

பவளம் கையுறை போட்ட உள்ளங்கையை விரித்தாள். சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உலோகக் குழல். இரண்டு முனையும் அடைத்திருந்தது. முதுகில் இரண்டு குட்டி வளையங்கள். வளையங்களுக்குள் நுழைந்து, முறுக்கின தாமிர வயர் ஒன்று சுருண்டு கிடந்தது. நீட்டினால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

அது என்னவென்று புரிய அவனுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. பரமக்குடிப் பக்கத்து ஆள். இடுப்பில் இதே மாதிரி ஒன்றோடுதான் அவன் பள்ளிக்கூடம் போய்வந்தான்.

"கேப்பு," என்றான். "வயர் வேற தொங்குது. சந்தேகமே இல்லை. எல்லாரும் பின்னால போங்க."

"சார், இது தாயத்து."

பின்வாங்கிக்கொண்டிருந்த ஆட்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னது?"

"தாயத்து சார். விழுந்த தொப்புள்கொடியைக் காயவெச்சு உள்ளே போட்டு, பிள்ளை இடுப்புல கட்டுறது. இந்த வயர்தான் அரைஞாண். எங்க அக்கா மகனுக்கு நானே கட்டிவிட்டிருக்கேன்."

"செவ்வாயில யாருக்குடி தாயத்து? பேய் பிடிக்குதா? இல்லை, பக்கத்துக் கிரகத்துக்காரன் கண்ணு போடுறானா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"பிள்ளைக்கு," என்றாள் பவளம். "இங்க ஒரு பிள்ளை பொறந்திருக்கு சார்."

சொல்லிவிட்டு அவள் இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உடுப்பின் தடிமனுக்கு அடியில் அங்கே எதுவும் தெரியாது. மூன்று மாதம். இந்த ஷிப்டு முடிந்ததும் மருத்துவப் பிரிவில் போய் அவள் படுக்க வேண்டும், டாக்டர் ஹம்சவேணி அதை எடுத்துவிடுவார், நாளை மறுநாள் அவள் திரும்பவும் அப்பளக்கோலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவளை மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போய் ஒப்படைப்பது பாதுகாப்பு அதிகாரியின் பொறுப்பு. முகாமில் பிரசவத் தடை. யாருக்கும் விலக்கு இல்லை.

"என்ன அங்கே சத்தம்?" டாக்டரின் குரல் அலைவரிசைக்குள் நுழைந்தது. மருத்துவப் பிரிவில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "பவளம், உனக்கு நான் படம் போட்டு விளக்கினேன். இங்கே நம்ம எடை மூணுல ஒரு பங்கு. அந்த எடையில கருவுக்கு எலும்பு இறுகாது. முதல் மூச்சை இழுக்கும்போதே நெஞ்சுக்கூடு அமுங்கிடும். பிழைக்காது. பிழைக்காததைச் சுமக்கவிடுறது இரக்கம் இல்லை."

"எதை வெச்சு மேடம் சொல்றீங்க?"

"எலி. ஆறு தலைமுறை எலி. ஒண்ணுகூடத் தங்கலை."

"நான் எலி இல்லை மேடம். நெய்வேலி."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, உடனே நின்றது. டாக்டருக்குக் குரல் இறுகிவிட்டது. "கோட்டைச்சாமி, அந்தப் பொருளை அப்புறப்படுத்துங்க. இவளை நேரத்துக்குக் கொண்டுவாங்க."

"சரிங்க மேடம்," என்றான் கோட்டைச்சாமி.

கம்பெனி விசுவாசத்தில் அவன் பொய் சொன்னான் என்று அந்தச் சரிவில் நின்ற எல்லாரும் நினைத்தார்கள். கம்பெனிக்காக அவன் செய்த காரியங்கள் உண்டு. இது அதில் சேராது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி கனகவல்லிக்கும் மூன்று மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு. அவள் கெஞ்சினாள், சாப்பிடாமல் கிடந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். கதவை உடைத்து, கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்க நடைபாதையில் நடத்திக்கொண்டுபோய் ஒப்படைத்தவன் அவன்தான். பிழைக்காது என்று டாக்டர் சொன்னார். பிழைக்காததற்கு எதற்குப் பாசம் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். பிறகு எத்தனையோ பெண்களை அதே நடைபாதையில் நடத்தியபோதும் அதே வார்த்தைதான் அவனுக்கு ஊன்றுகோல்.

பவளத்தின் உள்ளங்கையில் கிடக்கிற இந்தக் குழல் தாயத்து என்றால், அந்த ஊன்றுகோல் ஒடியும். ஆகவே, கேப்பு. கேப்பேதான்.

"இங்கேயே குழி பறிச்சுப் போட்டு வெடிக்க வெச்சுடலாம்," என்றான். "வயர் சுருளை எடுத்துட்டு வாங்கடா."

"வெடிக்க வெக்கலாம்," என்றது இன்னொரு குரல். "ஆனா விதி அப்படிச் சொல்லலையே, கோட்டைச்சாமி சார்."

அல்போன்ஸ். கிரஷர் மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். உடுப்பின் வலது கை நுனியை மடித்து இறுகக் கட்டியிருந்தான்.

"என் கை போன மறுநாள் நீங்களே எழுதின விதி. சந்தேகப்பட்ட கேப்பு எதுவானாலும் கவசப் பெட்டியில வெச்சு எக்ஸ்ரேக்குப் போகணும். உள்ளே வெடிமருந்து உயிரோட இருக்கா செத்திருக்கான்னு பார்க்காம யாரும் வெடிக்க வைக்கக் கூடாது. மூணு மாசம் கேன்டீன்ல ஒலிபெருக்கி வெச்சு ஓதுனீங்க. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

"இது அவசரம் அல்போன்ஸ்."

"என் கைக்கும் அவசரம்தான் சார். யாரு கேட்டா?"

கோட்டைச்சாமி பல்லைக் கடித்தான். துருப்பிடித்த போல்ட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குழல் நேராகப் பழைய உலோக உலைக்குப் போயிருக்கும். ஒரு காக்காய் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் அவன் வாழ்க்கை முழுக்க ஆபத்து என்றே பேசிப் பழகிய வாய். பயமுறுத்தினால் விலகிப்போவார்கள் என்று வந்த முதல் வார்த்தையைப் போட்டுவிட்டான். போட்டது போட்டதுதான். அத்தனை காதும் கேட்டாயிற்று.

"பெட்டியைக் கொண்டுவாங்க," என்றான்.

"நானும் வரேன்," என்றாள் பவளம். "எப்படியும் அங்கதானே என்னைக் கொண்டுபோறீங்க. ரெண்டு நடை எதுக்கு?"

வண்டியில் அல்போன்ஸும் ஏறிக்கொண்டான். கவசப் பெட்டி பவளத்தின் மடியில் இருந்தது. யாருக்கும் அதை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

முகாமில் எக்ஸ்ரே கருவி ஒன்றே ஒன்று. அது மருத்துவப் பிரிவில், அறுவை அறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. அதை இயக்குகிறவள் கனகவல்லி. நாலு வருஷமாக அவள் வீட்டுக்கு வருவதில்லை. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் சாமான் போடுகிற இடுக்கில்தான் படுக்கை. அலுவல் விஷயமாகப் பேச நேர்ந்தால் அவனை ஆபீசர் என்று கூப்பிடுவாள்.

"வாங்க ஆபீசர்," என்றாள் இப்போதும். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டே பவளத்தைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு எக்ஸ்ரேக்கா, பக்கத்து ரூமுக்கா?"

"ரெண்டுக்கும்," என்றாள் பவளம்.

கனகவல்லி பெட்டியைத் திறந்து, இடுக்கியால் குழலையும் வயரையும் எடுத்து மேடையில் வைத்தாள். எல்லாரையும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போகச் சொன்னாள். கருவி முனகியது. திரையில் படம் மெல்லத் தெளிந்தது.

அவள் விசைப்பலகையில் ஏதோ தட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தெரியுது?" என்றான் கோட்டைச்சாமி.

"கேப்புன்னு சொன்னது நீங்க. மருந்து எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க."

குழலுக்குள் மருந்து இல்லை. குறுக்கே சுருண்டு, சுக்குத் துண்டு மாதிரி வற்றிப்போன ஏதோ ஒன்று ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. அவ்வளவுதான்.

பவளம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அல்போன்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"சரி, தாயத்துதான்," என்றான் கோட்டைச்சாமி. "தாயத்தாவே இருக்கட்டும். முன்படையில நம்ம பக்கத்து ஆளுங்க இல்லையா? எவனோ பூமியிலிருந்து இடுப்புல கட்டிட்டே வந்திருப்பான். கழன்று விழுந்திருக்கும். இதை வெச்சுக்கிட்டு இங்க பிள்ளை பொறந்துச்சு, பேரு வெச்சாங்கன்னு கதை கட்டாதீங்க."

அல்போன்ஸ் திரும்பிப் பவளத்தைப் பார்த்தான். அந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. பவளத்துக்கும் முகம் வாடியது.

கனகவல்லி மட்டும் திரைக்குக் கிட்டே போய் விரலால் தொட்டுக் காட்டினாள். "குழலோட உள்பக்கம் பாருங்க. வரிவரியா இருக்கே, என்ன அது?"

"என்ன?"

"மரை. திருகு மரை. எந்த ஊர் ஆசாரி தாயத்துக்கு உள்ளே மரை போடுவான்? இது தாயத்தா பொறக்கலை ஆபீசர். முன்படை உடுப்பு ஒண்ணு அருங்காட்சி அறையில தொங்குதே, அதுல ஆக்சிஜன் குழாய் நுனியில இதே அளவு முனை இருக்கும். அதை அறுத்து, ரெண்டு பக்கமும் பசை வெச்சு அடைச்சு, முதுகுல வளையம் பத்தவெச்சிருக்காங்க. இங்க உட்கார்ந்து செஞ்சது. மூச்சு விடுற குழாயை அறுத்துத் தாயத்து செஞ்சிருக்காங்கன்னா, எவனோ வளர்ந்த தடியனுக்காகவா செஞ்சிருப்பாங்க?"

பக்கத்து அறையில் பாத்திரங்கள் உரசுகிற சத்தம் கேட்டது. டாக்டர் ஹம்சவேணி ஆயுதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பொறந்திருக்கும்," என்றான் கோட்டைச்சாமி. "பொறந்து, ரெண்டு வாரத்துல போயிருக்கும். கொடி விழுந்ததும் தாயத்து கட்டுவாங்க. கட்டின கையோட போயிருக்கும். டாக்டர் சொன்னதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை."

தான் என்ன வேண்டிக்கொள்கிறோம் என்று அவனுக்கே காதில் விழுந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

கனகவல்லி வயரைக் குழலின் வளையங்களிலிருந்து உருவி மேடையில் நேராக நீட்டினாள். தாமிரம் கறுத்திருந்தது. ஒரு நுனியில் கொக்கி. அந்தக் கொக்கி மாட்டி மாட்டி வயரில் ஆங்காங்கே மடிப்பு விழுந்திருந்தது.

"தாமிரத்தை ஒரு தடவை மடக்கினா அந்தத் தழும்பு போகாது," என்றாள். "இதோ முதல் மடிப்பு. பச்சைக் குழந்தையோட இடுப்பு அவ்வளவுதான் இருக்கும். அப்புறம் இங்க இளக்கியிருக்காங்க. அப்புறம் இங்க. கடைசியா இங்க." இரண்டு நுனிகளையும் கடைசி மடிப்பில் சேர்த்து வளையமாக்கிக் காட்டினாள். "ரெண்டு வாரத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய இடுப்பா? பரமக்குடியில எப்படின்னு எனக்குத் தெரியாது."

"எவ்வளவு வயசு இருக்கும்க்கா?" என்றாள் பவளம்.

"ரெண்டு. கூடினா ரெண்டரை."

கோட்டைச்சாமி முன்னால் வந்தான். வயரை அவள் கையிலிருந்து பிடுங்கினான். மறுநுனியைத் தடவினான், விளக்கில் பிடித்துப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்க நன்றாக இல்லாத வெளிச்சம்.

"இது கழட்டினது இல்லை," என்றான். "கட்டரால அறுத்தது. நுனி நசுங்கியிருக்கு பாரு. அரைஞாணை எப்ப அறுப்பாங்க? சொல்லு அல்போன்ஸ். எப்ப அறுப்பாங்க?"

அல்போன்ஸ் பவளத்தைப் பார்த்தான்.

"பிணத்துக்குத்தான் அறுப்பாங்க. செத்துப்போச்சு. காற்றுச் சுவர் கிழிஞ்சதெல்லாம் அப்புறம். இது அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. அதான் அறுத்துக் குப்பையில போட்டிருக்காங்க. எலும்பு நிக்கலை. டாக்டர் சொன்னதுதான் நடந்திருக்கு. ரெண்டு வருஷம் தள்ளி நடந்திருக்கு, அவ்வளவுதான்."

பவளத்தின் முகம் வெளிறியது. அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, ஓர் ஊர்க்காரியிடம் ஊர்ச் சேதி விசாரிக்கிற மாதிரி கனகவல்லியைக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை நடந்துச்சாக்கா?"

கனகவல்லி வயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பூதக்கண்ணாடியை இழுத்து வைத்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"இந்த இடம் வழவழன்னு தட்டையாத் தேய்ஞ்சிருக்கு. வயித்துக்கு முன்பக்கம் வர்ற இடம். ரெண்டாவது, மூணாவது மடிப்பு வரைக்கும் தேய்மானம் நல்லா இருக்கு. தரையில வயித்தைத் தேய்ச்சுத் தவழ்ந்தா அப்படித்தான் ஆகும். கடைசியா இளக்கினப்ப முன்னால வந்த பகுதியைப் பாரு. முறுக்கு அப்படியே இருக்கு. உரசவே இல்லை." அவள் பூதக்கண்ணாடியை நகர்த்தினாள். "தவழுறதை விட்டுட்டு எழுந்து நின்னுடுச்சு. நின்னு, நடந்து, ஓடி, எல்லாம் பண்ணியிருக்கு."

"எலும்பு?"

"நின்னிருக்கே. அப்புறம் என்ன எலும்பு?"

"அப்ப எதுல செத்துச்சு?"

"தெரியாது பவளம். எனக்குத் தெரியாது. ஜுரமா இருக்கலாம். விழுந்திருக்கலாம். நம்ம ஊர்லயும் பிள்ளைங்க சாகுது."

பவளம் வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்காமல் எழுந்து நின்றாள். "ரெண்டு வருஷமோ இருபது வருஷமோ, பெத்துப் பார்த்துக்கிறேன்," என்றாள். "அந்த ரூமுக்கு நான் போகமாட்டேன். தூக்கிட்டுத்தான் போகணும்."

"தூக்கத் தெரியும்," என்றான் கோட்டைச்சாமி.

"அதுக்கு என்னைத் தாண்டணும் சார்," என்றான் அல்போன்ஸ், வாசலை மறித்து நின்றபடி. "எனக்குக் கை ஒண்ணுதான். இருந்தாலும் பார்க்கலாம் வாங்க."

சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "கோட்டைச்சாமி, எல்லாம் தயாரா இருக்கு. எக்ஸ்ரே என்ன ஆச்சு? முடிவைச் சொல்லிட்டு அவளை அனுப்புங்க." டாக்டரின் குரலைத் தொடர்ந்து கட்டுப்பாட்டு அறை ஆள் பேசினான். "ஆபீசர், எக்ஸ்ரே ஆபரேட்டர் முடிவு அனுப்பிட்டாங்க. உயிருள்ள கேப்புன்னு வந்திருக்கு. நீங்க உறுதி சொன்னா விதிப்படி செய்யலாம்."

கோட்டைச்சாமி சட்டென்று திரும்பினான். கனகவல்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அனுப்பினே நீ?"

"நீங்க சொன்னதைத்தான் அனுப்பினேன். படம் தெளிஞ்ச உடனே அனுப்பிட்டேன். உயிருள்ள கேப்பு."

"உள்ளே மருந்து எங்கன்னு நீயே என்னைக் கேட்டியே!"

"உங்க விதியில அடுத்த வரி என்ன ஆபீசர்? அல்போன்ஸண்ணே, உங்களுக்குத்தான் மனப்பாடம். சொல்லுங்க."

அல்போன்ஸ் யோசித்தான். பிறகு அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "உயிருள்ள கேப்புன்னு தெரிஞ்சுட்டா, அதைப் பெட்டிக்கு வெளியே எடுத்த இடத்துலேருந்து யாரும் அசைக்கக் கூடாது. அந்தப் பிரிவு முழுக்கக் காலி பண்ணி, கதவை இறக்கிடணும். செயலிழக்க வைக்கிற ஆள் அடுத்த கப்பல்ல வர்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது."

அடுத்த கப்பல் வர ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அறுவை அறையும், மயக்க வாயுக் குழாயும், டாக்டரின் ஆயுதங்களும் இந்தப் பிரிவில்தான் இருந்தன. முகாமில் வேறெங்கும் கிடையாது.

"தாயத்துன்னு நான் கத்தியிருந்தா என்ன ஆகும்?" என்றாள் கனகவல்லி. "கம்பெனிக்கு எழுதுவீங்க. கமிட்டி போடுவாங்க. அது கூடிப் பேசுறதுக்குள்ள பக்கத்து ரூம்ல இவ வயித்தைக் கழுவிவிட்டிருப்பீங்க. அதான். இப்ப ரெண்டு வழி இருக்கு. கேப்புன்னு சொல்லுங்க, கதவு இறங்கும், இவ தப்பிப்பா. இல்லை, தாயத்துன்னு சொல்லுங்க. பாதுகாப்பு அதிகாரியே இங்க பிள்ளை பொறந்து நடந்துச்சுன்னு பொது அலைவரிசையில சொன்ன பிறகு, எந்தப் பொண்ணையும் எவனும் அந்த ரூமுக்கு இழுத்துட்டுப் போக முடியாது. ரெண்டுல எது வேணும்னாலும் சொல்லுங்க."

"ஆபீசர்? லைன்ல இருக்கீங்களா?" என்றது ஒலிபெருக்கி.

கோட்டைச்சாமி சுவரில் இருந்த மைக்கின் பொத்தானில் கை வைத்தான். அழுத்தவில்லை. தாயத்து என்ற வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் மறுநொடியே அவன் நடத்திக்கொண்டு போன அத்தனை பெண்களும் அவன் வாசலில் வந்து நிற்பார்கள். அதில் முதல் ஆள் எதிரிலேயே நின்றாள்.

"கனகு," என்றான். நாலு வருஷமாகக் கூப்பிடாத பெயர். "அது செத்துப்போச்சு. அறுத்த நுனியை நீயும்தானே பார்த்தே. நம்மளது இருந்திருந்தாலும் ரெண்டு வருஷத்துல…"

"இருந்திருக்கும்."

"ரெண்டே வருஷம், கனகு."

"அந்த ரெண்டு வருஷம் போதுமான்னு என்கிட்ட நீங்க கேட்கவே இல்லை."

அவள் குரலை உயர்த்தவில்லை. கண் கலங்கவும் இல்லை. நாலு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து அந்த வாக்கியத்தில் பிசிறு எதுவும் பாக்கி இல்லை.

கோட்டைச்சாமி பொத்தானை அழுத்தினான்.

"கட்டுப்பாட்டு அறை. கோட்டைச்சாமி பேசுறேன்." கனகவல்லியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். "உறுதிப்படுத்துறேன். உயிருள்ள கேப்பு. மருத்துவப் பிரிவைக் காலி பண்ணிக் கதவை இறக்குங்க."

அபாயச் சங்கு அலறத் தொடங்கியது. பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஹம்சவேணி வந்தார், கையுறையோடு. "உங்களுக்குப் பைத்தியமா? ஒரு வருஷம் மருத்துவப் பிரிவு இல்லாம எப்படி? இவளுக்குப் பிரசவ வலி வந்தா எங்கே வெச்சுப் பார்க்கிறது?"

"முன்படை எங்க வெச்சுப் பார்த்தாங்களோ, அங்க," என்றாள் பவளம். "நீங்களும் வாங்க மேடம். எலியை விட்டுட்டு ஒரு தடவை மனுஷப் பிள்ளையைப் பாருங்க."

அல்போன்ஸ் அவளை முன்னால் விட்டு, டாக்டருக்கும் அவளுக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொண்டே வெளியே நடந்தான். டாக்டர் ஏதோ கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். சங்குச் சத்தத்தில் அது என்னவென்று கேட்கவில்லை.

கனகவல்லி ஈயக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாமான் இடுக்கிலிருந்து தன் துணிப் பையை எடுத்துக்கொண்டாள். எப்போது கட்டி வைத்தாளோ, தயாராக இருந்தது. வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"தாயத்துங்கிற வார்த்தை உங்க வாயில வராதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "அதனாலதான் இந்த வழியையும் திறந்து வெச்சேன். அந்தப் பொண்ணுக்காக. உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க."

அவள் போய்விட்டாள்.

நடைபாதைக் கோடியில் இரும்புக் கதவு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓடினால் போய்விடலாம், நேரம் இருந்தது. கோட்டைச்சாமி மேடைக்குத் திரும்பி வந்தான். கறுத்த வயரில் முதல் மடிப்பைத் தேடி, அங்கே நகத்தை வைத்தான். பிறகு இரண்டு கைகளின் பெருவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து, அந்த அளவுக்கு ஒரு வளையம் செய்து பார்த்தான்.

பெரிதாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குறுக்கினான்.